மந்திரிச்ச கயிறும் மூணாவது பின்னும்

நம்ம டிபார்ட்மென்ட்டில் ஒரு போர்டு செத்துப்போனால் மூன்றில் ஒரு காரணம் சொல்லப்படும். ஒன்று, "சைனா பீஸ் மச்சி." இரண்டு, "எங்கயோ லூஸ் கனெக்‌ஷன்." இரண்டும் ஒத்துவராதபோது மூன்றாவது, "நம்ம டீமுக்கு ராசி இல்லடா." அந்த போர்டைக் கடைசியாகக் கையில் எடுத்தது யார், எதன் மேல் வைத்து வேலை பார்த்தார்கள், அந்த மேஜையில் இருக்கும் பிளக் பாயின்ட்டில் எர்த் என்று எழுதியிருக்கும் ஓட்டைக்குப் பின்னால் நிஜமாகவே எர்த் இருக்கிறதா? இதை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஒவ்வொரு வருடமும் லேபுக்கு என்ன வாங்கலாம் என்று லிஸ்ட் கேட்பார்கள். நாமும் புதுசா வந்த டெவலப்மென்ட் போர்டு, கேமரா மாட்யூல், லைடார் என்று எழுதிக் கொடுப்போம். அந்த லிஸ்ட்டின் முதல் வரியில் "எல்லா பிளக் பாயின்ட்டுக்கும் எர்த் செக் பண்ணணும்" என்று எழுத வேண்டும் என்பது என் கட்சி. அது சரியாகிற வரைக்கும் மற்ற எல்லாமே ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கிற வேலைதான்.

முதலில் ஒரு பழைய சமாதானத்தைத் தள்ளி வைத்துவிடலாம். "ஸ்டாட்டிக் எல்லாம் குளிர் நாட்டுப் பிரச்சினை. அங்கே காத்து காய்ஞ்சு கிடக்கும், கார்ப்பெட் போட்டிருப்பான். நம்ம ஊர் ஈரப்பதத்துக்கு ஒண்ணும் ஆகாது." இதில் பாதி உண்மை. இ.எஸ்.டி. பற்றிய பாடங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு அட்டவணை உண்டு. ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதம் இருக்கும்போது கார்ப்பெட் மேல் நடப்பவர் உடம்பில் 35,000 வோல்ட் வரை ஏறலாம். அதுவே ஈரப்பதம் 65 முதல் 90 சதவீதம் என்றால் 1,500 வோல்ட். மேஜையில் கிடக்கும் பாலிதீன் கவரை எடுத்தால் காய்ந்த காற்றில் 20,000, ஈரக் காற்றில் 1,200. குறைகிறது, நிஜம்தான். ஆனால் எவ்வளவுக்குக் குறைகிறது என்று பாருங்க. 3.3 வோல்ட்டில் ஓடும் ஒரு ஐசிக்கு 1,200 வோல்ட் என்பது குறைவா?

இன்னொரு சிக்கல், மனித உடம்பு ஸ்டாட்டிக் ஷாக்கை உணர ஏறக்குறைய 3,000 வோல்ட் தேவை. அதற்குக் கீழே எவ்வளவு டிஸ்சார்ஜ் ஆனாலும் விரலுக்குத் தெரியாது. காய்ந்த ஊர்க்காரனுக்கு கதவுப் பிடியைத் தொட்டதும் "சுளீர்" என்று வாங்கிக் கட்டிக்கொண்டு புத்தி வருகிறது. நமக்கு அந்த வாத்தியார் இல்லை. நம்ம ஊரில் போர்டு சத்தம் போடாமல் சாகும். அதனால்தான் ராசி மேல் பழி போடுகிறோம்.

அதோடு, எந்த லேபில் போர்டு விலை அதிகமோ அந்த லேபில்தான் ஏசி இருக்கும். ஏசியின் பாதி வேலையே காற்றிலிருந்து தண்ணீரைப் பிழிந்து வெளியே குழாயில் சொட்ட விடுவது. அந்த ரூமில் பிளாஸ்டிக் சேரில் பாலியஸ்டர் பேன்ட்டோடு உட்கார்ந்து, எழுந்து, உட்கார்ந்து வேலை செய்கிறோம். சின்ன வயதில் தலை சீவின சீப்பை வைத்துப் பேப்பர் துணுக்கைத் தூக்கி விளையாடியிருப்போமே, அதே பிசிக்ஸ்தான். இப்போது சீப்பு நாம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம், ஏனென்றால் கணக்கு போட்டால்தான் பயம் வருகிறது. ஐசி கம்பெனிகள் டெஸ்ட் பண்ணும்போது மனிதனை 100 பைக்கோஃபாரட் கெப்பாசிட்டராகவும் அதோடு சீரிஸில் 1,500 ஓம் ரெசிஸ்டராகவும் எடுத்துக்கொள்கிறார்கள். ஹியூமன் பாடி மாடல் என்று டேட்டாஷீட்டில் ஒரு வரி இருக்கும், ஸ்க்ரோல் பண்ணிவிட்டுப் போயிருப்போம். அந்த மாடல்படி 3,000 வோல்ட் ஏறிய ஒருவர் ஒரு பின்னைத் தொட்டால் முதல் நொடித்துளியில் 2 ஆம்பியர் பாயும். அது 150 நானோசெகண்ட் டைம் கான்ஸ்டன்ட்டில் அடங்கிவிடும். மொத்த எனர்ஜி அரை மில்லிஜூலுக்கும் குறைவு. எறும்பு கூட கவலைப்படாத எனர்ஜி. ஆனால் அது போய் இறங்குகிற இடம் சில நானோமீட்டர் தடிமன் உள்ள கேட் ஆக்ஸைடு. சிலிக்கான் டையாக்ஸைடு ஒரு நானோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு வோல்ட்தான் தாங்கும்.

"ஐசிக்குள்ள புரொடெக்‌ஷன் டையோடு இருக்கே?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. மைக்ரோகன்ட்ரோலர் மாதிரியான ஐசிகளில் பெரும்பாலும் 2,000 வோல்ட் மாடலைத் தாங்கும் அளவுக்குப் போட்டிருப்பார்கள். ஆனால் நம்ம ரோபோவின் மோட்டார் டிரைவரில் போடும் சாதாரண பவர் மாஸ்ஃபெட்டில் அது கிடையாது. ஐ.ஆர்.எஃப். 540 எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவில் 20 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்று டேட்டாஷீட் சொல்கிறது. கேட்டின் கெப்பாசிட்டன்ஸ் சுமார் 2,000 பைக்கோஃபாரட். 1,500 வோல்ட்டில் இருக்கும் நம்ம 100 பைக்கோஃபாரட், அந்த 2,000-த்தோடு சார்ஜைப் பங்கு போட்டுக்கொண்டால் இரண்டும் சுமார் 71 வோல்ட்டில் வந்து நிற்கும். இருபதுக்கு எழுபத்தொன்று. இது ஈரப்பதம் அதிகமான நாள் கணக்கு, ஞாபகம் இருக்கட்டும்.

அந்த இடத்திலேயே பொட்டென்று செத்தால் கூட நல்லது, தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை மாட்டலாம். பாதி செத்து ஓடுவதுதான் தொல்லை. கேட்டில் லேசாக லீக்கேஜ் வரும், மாஸ்ஃபெட் முழுசாக ஆன் ஆகாமல் சூடாகும். ஏ.டி.சி. பின் ஒன்று மட்டும் கொஞ்சம் தள்ளிக் காட்டும். சென்சார் பத்து தடவைக்கு ஒரு தடவை பதில் சொல்லாது. உடனே நாம் என்ன செய்கிறோம்? கோடைத் திறக்கிறோம். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் டிலேவை மாத்தி, லைப்ரரியை மாத்தி, கடைசியில் "அவனோட போர்டுல ஓடுது, என்னோடதுல ஓடல" என்ற இடத்துக்கு வந்து நிற்கிறோம். சாஃப்ட்வேரில் இல்லாத பிழையை சாஃப்ட்வேரில் தேடிய அந்த ராத்திரிகளுக்கு யாரும் பில் போடுவதில்லை.

தெர்மாகோலைப் பற்றி ஒரு பாரா எழுதாமல் இருக்க முடியாது. எந்த டீமின் பெட்டியைத் திறந்தாலும் ஐசிகள் வெள்ளைத் தெர்மாகோல் துண்டில் வரிசையாகக் குத்தி வைக்கப்பட்டிருக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் சும்மா உரசினாலே சார்ஜ் ஏற்றிக்கொண்டு அதை விடாமல் பிடித்து வைத்திருக்கும் பொருட்களில் தெர்மாகோலுக்கு முதல் பெஞ்ச். கையில் ஒட்டிக்கொண்டு உதற உதறப் போகாத அந்தக் குட்டி உருண்டைகளே சாட்சி. கடையில் ஐசி கொடுக்கும்போது கறுப்பு ஃபோமில் குத்திக் கொடுப்பார்கள். அது மின்சாரம் கடத்தும் ஃபோம், ஐசியின் எல்லாப் பின்னையும் ஒரே வோல்ட்டேஜில் வைத்திருக்கும். அதைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டுத் தெர்மாகோலுக்கு மாற்றுகிறோம்.

கவர்களிலும் இதே கதைதான். ரோஸ் கலர் கவர் தானாகச் சார்ஜ் ஆகாது, அவ்வளவுதான். வெளியிலிருந்து வரும் டிஸ்சார்ஜைத் தடுக்காது. உள்ளே மெல்லிய உலோகப் படலம் உள்ள சாம்பல் நிறக் கவர்தான் தடுக்கும், அதுவும் போர்டு உள்ளே இருந்து வாயை மடித்திருந்தால் மட்டும். கவரைப் பிரித்து அதன் மேலேயே போர்டை வைத்து பவர் கொடுப்பது ஒரு தனிக் கலை. அதைச் செய்யாதவர் நம்மில் குறைவு.

சரி, ரிஸ்ட் ஸ்ட்ராப்புக்கு வருவோம். நம்ம லேபில் ரிஸ்ட் ஸ்ட்ராப் இல்லாமல் இல்லை. ஆடிட் வருகிற வாரம் அலமாரியிலிருந்து வெளியே வரும். கையில் மாட்டிக்கொள்வோம். அதன் இன்னொரு முனையில் உள்ள முதலை கிளிப்பை எங்கே மாட்டுகிறோம் என்பதுதான் கேள்வி. மேஜைக் காலில். மேஜைக் கால் இரும்பு, ஆனால் மேலே பெயின்ட், அடியில் ரப்பர் புஷ். ஆக, அந்தக் கயிற்றின் முனை எங்கேயும் போய்ச் சேரவில்லை. கோயில் வாசலில் கட்டிவிடும் மந்திரிச்ச கயிற்றுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை. கோயில் கயிற்றுக்காவது நம்பிக்கை இருக்கிறது.

அந்த ஸ்ட்ராப்புக்குள் 1 மெகாஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். அது சும்மா இல்லை. ஸ்ட்ராப் போட்ட கையோடு தெரியாமல் 230 வோல்ட்டைத் தொட்டுவிட்டால், அந்த ரெசிஸ்டர் இருப்பதால் ஸ்ட்ராப் வழியாக 0.23 மில்லி ஆம்பியருக்கு மேல் போகாது. ரெசிஸ்டர் இருந்தால் ஸ்டாட்டிக் வடிய நேரமாகுமே என்றால், 100 பைக்கோஃபாரடையும் 1 மெகாஓமையும் பெருக்கிப் பாருங்கள், 0.1 மில்லிசெகண்ட். கண் இமைப்பதற்குள் ஆயிரம் தடவை வடிந்துவிடும். ஸ்ட்ராப் காசு கொடுத்து வாங்குவானேன் என்று செப்பு வயரை மணிக்கட்டில் சுற்றி நேராக எர்த்தில் கட்டுகிற ஐடியா யாருக்காவது வந்தால், தயவுசெய்து வேண்டாம். எர்த்தோடு இறுக்கமாகக் கட்டப்பட்ட கை, மறு கையால் ஃபேஸைத் தொட்டால் என்ன ஆகும் என்று எலக்ட்ரிக்கல்காரர்களைக் கேளுங்கள். ஸ்ட்ராப் விலை ரெண்டு பிரியாணிக்குள்தான் வரும்.

இப்போது ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. ஸ்டாட்டிக்கைப் பொறுத்தவரை எர்த் அவ்வளவு நல்லதாக இருக்கத் தேவையில்லையே? உண்மைதான். வழியில் ஏற்கனவே ஒரு மெகாஓம் உட்கார்ந்திருக்கும்போது, எர்த் குழி 5 ஓமா 500 ஓமா என்பது ஸ்டாட்டிக்குக்கு ஒரு பொருட்டே இல்லை. கையும், மேட்டும், போர்டும் ஒரே புள்ளியில் இணைந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் நம்ம மேஜையில் கையும் போர்டும் மட்டுமா இருக்கின்றன? சால்டரிங் அயன், ஆசிலோஸ்கோப், பவர் சப்ளை, லேப்டாப், டெஸ்க்டாப் எல்லாம் மெயின்ஸிலிருந்து ஓடுகின்றன. இவை எல்லாவற்றையும் அந்த ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்து சேர்ப்பது மூணாவது பின். அது இல்லாவிட்டால் ஸ்டாட்டிக்கைவிடப் பெரிய தொல்லை மேஜை மேலேயே உட்கார்ந்திருக்கும்.

நம்ம ஊர் பிளக்கை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். எர்த் பின் மற்ற இரண்டையும் விடத் தடிமனாகவும் நீளமாகவும் இருக்கும். தடிமன், வேறு ஓட்டையில் தவறிக்கூட நுழையாமல் இருக்க. நீளம், சொருகும்போது முதலில் தொடுவதற்கும் பிடுங்கும்போது கடைசியாக விடுவதற்கும். யோசித்துச் செய்த டிசைன். யு.எஸ்.பி. பிளக்கிலும் இதே யோசனை இருக்கிறது. உள்ளே பார்த்தால் பவரும் கிரவுண்டும் நீளப் பட்டை, நடுவில் உள்ள இரண்டு டேட்டா பட்டையும் குட்டை. கிரவுண்டு முதலில் கைகுலுக்கட்டும், பேச்சு அப்புறம்.

நாம் என்ன செய்கிறோம்? ஹாஸ்டலிலும் லேபிலும் சுற்றும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களில் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். மேலே அழகாக மூன்று ஓட்டை. ஒரு முனையில் த்ரீ பின் டாப். நடுவில் ஓடுவது ரெண்டு வயர். எர்த் டெர்மினல் பிறந்த நாளிலிருந்து காலி. அதில் டெஸ்க்டாப்பைச் சொருகினால் ஓடும், ஒரு குறையும் தெரியாது. கேபினட்டின் உலோகத்தை விரலின் பின்பக்கத்தால் லேசாகத் தடவினால் மட்டும் ஒரு "ஜிவ்வு" தெரியும். "சிஸ்டம்ல லைட்டா கரண்ட் வருது அண்ணா" என்று ஜூனியர் சொன்னால், "அது அப்படித்தான்டா இருக்கும்" என்று நாம் சொல்வோமே, அது.

அது ஏன் அப்படி இருக்கிறது? கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் நுழைவாயிலில், நாய்ஸை வடிகட்ட, ஃபேஸிலிருந்து பாடிக்கு ஒரு சின்ன கெப்பாசிட்டரும் நியூட்ரலிலிருந்து பாடிக்கு இன்னொன்றும் இருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் இரண்டு கெப்பாசிட்டரும் 230-ஐச் சரிபாதியாகப் பிரித்து, பாடியை 115 வோல்ட்டில் மிதக்க விட்டுவிடும். பீக் 162 வோல்ட். கெப்பாசிட்டர் 2.2 நானோஃபாரட் என்று வைத்தால் நம் வழியாகப் போவது 0.16 மில்லி ஆம்பியர்தான், ஆளைக் கொல்லாது. ஆனால் சார்ஜ் கணக்கைப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து 4.4 நானோஃபாரட், 162 வோல்ட்டில் 0.7 மைக்ரோகூலும். 3,000 வோல்ட் ஏறிய மனித உடம்பில் இருப்பது 0.3 மைக்ரோகூலும். எர்த் இல்லாத ஒரு டெஸ்க்டாப், சுளீர் என்று ஷாக் அடிக்கிற அளவுக்கு ஸ்டாட்டிக் ஏறிய மனிதனைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் சார்ஜை வைத்துக்கொண்டு நிற்கிறது. அதுவும் டிஸ்சார்ஜ் ஆனதும் தீர்ந்துபோவதில்லை, ஒரு செகண்டுக்கு நூறு தடவை மறுபடி நிரம்புகிறது. நடுவில் 1,500 ஓம் தோலும் இல்லை.

இந்த டெஸ்க்டாப்பிலிருந்து யு.எஸ்.பி. வழியாக ஒரு போர்டு. அந்த போர்டிலிருந்து ஜம்பர் வயர், ஒழுங்காக எர்த் ஆன ஸ்கோப்புக்கோ பவர் சப்ளைக்கோ போகிறது. யு.எஸ்.பி. பிளக்குக்கு இருக்கிற நீளம்-குட்டை புத்தி ஜம்பர் வயருக்குக் கிடையாது. நீங்கள் சிக்னல் வயரை முதலில் மாட்டிவிட்டு கிரவுண்டு வயரை அப்புறம் தேடினால், அந்த 162 வோல்ட் சமன் ஆவதற்குக் கிடைக்கும் ஒரே பாதை உங்கள் மைக்ரோகன்ட்ரோலரின் அந்த ஒரு பின். "சும்மா வயர் மாட்டினேன், செத்துப்போச்சு" என்கிற மரணங்களில் பல இந்த வகை என்றே நான் நினைக்கிறேன். ஸ்ட்ராப்பின் கிளிப்பை இந்த மாதிரி மிதக்கிற கேபினட்டில் மாட்டினால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். நம்மையே 115 வோல்ட்டுக்குத் தூக்கி வைத்துக்கொண்டு ஐசியைத் தொடுகிறோம்.

ஸ்கோப் என்றதும் ஒரு பாவம் ஞாபகம் வருகிறது. பவர் எலக்ட்ரானிக்ஸ் பக்கம் சில காலேஜ்களில் ஆசிலோஸ்கோப்பின் மூணாவது பின் வேண்டுமென்றே வெட்டப்பட்டிருக்கும், அல்லது டூ பின் அடாப்டர் போட்டிருப்பார்கள். புரோபின் கிரவுண்டு கிளிப் உள்ளுக்குள் எர்த்தோடு சேர்ந்தது. அதை மெயின்ஸ் பக்கத்துத் தைரிஸ்டரின் கேத்தோடில் மாட்டினால் ஃபியூஸ் போகும். ஃபியூஸ் போகாமல் இருக்க பின்னை வெட்டு. அலைவடிவம் திரையில் அருமையாக வரும், ரெக்கார்டு நோட்டில் வரைந்துவிடலாம். அந்த நேரத்தில் ஸ்கோப்பின் பாடி, அதன் பி.என்.சி. சாக்கெட்டுகள், இன்னொரு புரோபின் கிளிப் எல்லாம் மெயின்ஸ் வோல்ட்டேஜில் உட்கார்ந்திருக்கும். பீக் 325 வோல்ட். டெஸ்ட் பண்ணப்படும் சர்க்யூட்டுக்கு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம், அல்லது டிஃபரன்ஷியல் புரோப் வாங்கலாம். ஸ்கோப்பின் எர்த்தை வெட்டுவது அதற்கு மாற்றே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் "ஒவ்வொரு லேபுக்கும் ஒரு பழக்கம்" என்று விட்டுக்கொடுத்துப் பேச எனக்கு மனசு வரவில்லை. இது போர்டு போகிற விஷயம் இல்லை, ஆள் போகிற விஷயம்.

இதைவிட ஒரு திருட்டுத்தனம் உண்டு. பழைய கட்டடத்தில் ஒரு பாயின்ட்டுக்கு எர்த் வயரே இழுக்கவில்லை. கேட்டால் புதுசா இழுக்க வேண்டும், சுவரை உடைக்க வேண்டும். அதனால் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒரு துண்டு வயர் லூப் போட்டுவிடுவார்கள். டெஸ்ட் லேம்ப்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தால் பளிச்சென்று எரியும். மூன்று லைட் உள்ள சாக்கெட் டெஸ்டரும் "எல்லாம் சரி" என்றே காட்டும், அதற்கு வித்தியாசம் தெரியாது. என்றைக்காவது மேலே எங்கேயோ நியூட்ரல் விட்டுப்போகும். அன்றைக்கு அந்த பாயின்ட்டில் மாட்டியிருக்கிற எல்லாக் கருவியின் பாடியும் ஃபேஸ் ஆகிவிடும். எர்த் இல்லாத பாயின்ட்டை விட மோசம் இது. கண்டுபிடிக்க ஒரு வழி: அந்த லைனில் நல்ல லோடு ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு வோல்ட், ரெண்டு வோல்ட் காட்டினால் இயல்பு. பல பத்து வோல்ட் என்றால் எர்த்தோ நியூட்ரலோ எங்கேயோ விட்டிருக்கிறது. லோடு எவ்வளவு ஏறினாலும் அசையாமல் பூஜ்யத்திலேயே நின்றால், சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றுவது எலக்ட்ரீஷியன் அண்ணன் வேலை, மீட்டர் வைப்பதும் லேப் அசிஸ்டன்ட் சார் பக்கத்தில் நிற்கும்போதுதான்.

எர்த் வயர் ஒழுங்காகப் போனாலும், அது போய்ச் சேர்கிற குழி எப்படி இருக்கிறது? நமக்கெல்லாம் எர்த் குழி மனப்பாடம். ஜி.ஐ. பைப், சுற்றிலும் கரியும் உப்பும் மாறி மாறி அடுக்கு, மேலே தண்ணீர் ஊற்றப் புனல், சிமென்ட் மூடி. படம் வரைந்து பாகம் குறித்தால் மார்க். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 3043 முழுக்க எர்த்திங்குக்காகவே எழுதப்பட்டது. முதல் வருட பிராக்டிசஸ் லேபில் எர்த் ரெசிஸ்டன்ஸ் அளப்பது ஒரு எக்ஸ்பெரிமென்ட்டாகவே இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் நிஜ ரீடிங் எடுத்தோம், எத்தனை பேர் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதினோம் என்பதை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிடுகிறேன். நிஜமான குழி பிளாக்குக்குப் பின்னால்தான் இருக்கிறது. மூடி மேல் குழி நம்பர், டெஸ்ட் தேதி, இத்தனை ஓம் என்று வெள்ளை பெயின்ட்டில் எழுதியிருப்பார்கள். அந்தத் தேதியைப் போய்ப் படித்துப் பாருங்கள். பல இடங்களில் அது நாம் பத்தாவது படித்த காலத்துத் தேதியாக இருக்கும்.

மண் அப்படியே இருக்காது. கரிசல் மண் மழைக்காலத்தில் அருமையாகக் கடத்தும். அதுவே சித்திரை, வைகாசியில் காய்ந்து, வெடித்து, பைப்பை விட்டே விலகி நிற்கும். பாறை மேல் எழுந்த காலேஜ்களின் கதையே வேறு, அங்கே ஒரு குழி போதாது, பலவற்றைச் சேர்த்துக் கட்ட வேண்டும். போட்ட உப்பு மழையில் கரைந்து போகும், இருக்கிற வரைக்கும் பைப்பை அரிக்கும். குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதைக் கிண்டல் பண்ணுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். "செடியா வளரப் போகுது?" ஒரு கணக்கு சொல்கிறேன். கருவியின் பாடியில் ஃபேஸ் தொட்டுவிட்டது, அது திரும்பிப் போக மண் மட்டும்தான் வழி, அந்த வழியில் 20 ஓம் இருக்கிறது. 230-ஐ 20-ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதை ஒரு சாதாரண லோடு என்று நினைத்துக்கொண்டு சும்மா இருக்கும், பாடி உயிரோடு நிற்கும். சொந்த டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருக்கும் காலேஜில் எர்த் வயர் நேராக டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் புள்ளி வரை போவதால் இந்த ஆபத்து குறையும், ஆனால் அந்தப் பச்சை வயர் நடுவில் எங்கேயும் அறுபடாமல் இருக்க வேண்டும். இரண்டில் எந்த அமைப்பானாலும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று லேப் போர்டில் இருந்தே ஆக வேண்டும். இருந்தால், அதில் இருக்கும் டெஸ்ட் பட்டனைக் கடைசியாக யார் அழுத்தினார்கள்?

"இது மெயின்டனன்ஸ்காரங்க வேலை, நமக்கு எதுக்கு?" என்பது அடிக்கடி கேட்கும் பதில். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குழி தோண்டுவது அவர்கள் வேலை, சரி. கேள்வி கேட்பது யூசர் வேலை. ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பார் தண்ணியாக இருந்தால் சமையல் நமக்குத் தெரியாது என்று விட்டுவிடுகிறோமா? "இத்தனை வருஷமா இப்படித்தான் ஓடுது, ஒண்ணும் ஆகலையே" என்று சில சார்களும் சொல்வார்கள். ஒன்றும் ஆகவில்லை என்று எப்படித் தெரியும்? செத்த போர்டுகளுக்கு நம் டிபார்ட்மென்ட்டில் போஸ்ட்மார்ட்டமும் கிடையாது, கணக்கும் கிடையாது. ஸ்டோர் ரூம் அட்டைப்பெட்டியில் ஒரு குவியல் இருக்கிறது, அதுதான் மொத்த ஆவணம்.

படிப்பு முடிந்து நம்மில் கொஞ்சம் பேர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளுக்குப் போவோம். அந்த மாதிரி அசெம்பிளி லைனுக்குள் நுழையும் முன் வாசலிலேயே டெஸ்டர் இருக்கும். ஸ்ட்ராப்பை மாட்டி, காலை உலோகத் தட்டில் வைத்து, பச்சை விளக்கு எரிந்தால்தான் உள்ளே. பன்னிரண்டாவது முடித்து லைனில் நிற்கும் தங்கைக்கு முதல் நாளிலேயே சொல்லிக்கொடுக்கப்படும் பழக்கம் இது. நாலு வருடம் எலக்ட்ரானிக்ஸ் படித்த நாம் போய் அவரிடம் கற்றுக்கொள்வதில் கேவலம் ஒன்றும் இல்லை. நாலு வருடம் ஏன் தாமதம் என்பதுதான் என் கேள்வி.

நான் கேட்பது பெரிய பட்ஜெட் இல்லை. லேபில் ஒவ்வொரு பிளக் பாயின்ட்டுக்கும் எர்த் இருக்கிறதா என்று செமஸ்டருக்கு ஒரு தடவை பார்த்து, பாயின்ட் மேலேயே தேதியோடு ஸ்டிக்கர். டூ கோர் வயர் போட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாம் ஒரே நாளில் வெளியே. போர்டு எடுத்து வேலை செய்ய ரெண்டு மேஜையாவது மேட், ஸ்ட்ராப், எர்த் ஆன அயனோடு தனியாக. முதல் லேப் கிளாஸில், ஓம் விதிக்கு முன்னால், "கிரவுண்டை முதலில் மாட்டு, கடைசியில் கழற்று" என்று ஒரு அரை மணி நேரம். பிளாக்குக்குப் பின்னால் இருக்கும் குழியை ஒரு தடவை கோடையிலும் ஒரு தடவை மழைக்கப்புறமும் அளந்து, ரெண்டு எண்ணையும் லேப் சுவரில் எழுதி வைக்க வேண்டும். வித்தியாசத்தைப் பார்த்தால் தண்ணீர் ஊற்றுவதை யாரும் கிண்டல் பண்ண மாட்டார்கள்.

அளக்கிற வேலையைத் தேர்ட் இயர் பசங்களிடமே கொடுக்கலாம், எலக்ட்ரீஷியன் அண்ணன் கூட நின்றால் போதும். ரெண்டு ஸ்பைக் அடித்து வயர் இழுப்பது தவிர அதில் பெரிய கஷ்டம் இல்லை. எர்த் டெஸ்டர் புதுசா வாங்கவும் தேவையில்லை, மெஷின்ஸ் லேப் அலமாரியில் கீழ்த்தட்டில் ஒன்று இருக்கிறது. பேட்டரி மட்டும் மாத்தணும்.